கூப்பிடாமல் எண்ணும் பெட்டி

1

சென்ற வாரம் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் கதிர்ப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு படிவம் வந்தது. இந்த நாட்டில் படிவம் வராத வாரம் கிடையாது. வீடு மாறினால் ஒன்று, பிள்ளைக்குப் பல் விழுந்து முளைத்தால் ஒன்று. மேற்கு ஜெர்மனிக்கு வந்த இந்தப் பதினொரு வருடத்தில் நான் நிரப்பிய தாள்களை ஒட்டினால் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வரைக்கும் பாதை போடலாம்.

வழக்கம்போல முதல் கட்டத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினேன். இங்கே எல்லோரும் என்னைத் திருமதி ஞானமுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். எஸ்தர் என்ற பேர் வீட்டுக்குள்தான். அப்பா உயிரோடிருந்தால் தன்னைத் திருமதியாக்கியதற்குச் சண்டைக்கு வந்திருப்பார்.

கடைசிக் கேள்வியில் கை நின்றுவிட்டது. 'கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த வளாகத்துக்கு வெளியே கதிரியக்கம் உள்ள பொருள் எதையாவது கையாண்டதுண்டா? ஆம் என்றால் பொருள், எடை, இடம்.'

பொருள்: தீக்குச்சி மருந்தில் சேர்க்கிற குளோரேட். எடை: ஒரு வண்டி. இடம்: கோவில்பட்டி, வாகை மரத்தடி.

படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக அந்த அலுவலகத்துக்கே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நேற்று வீட்டில் உருளைக்கிழங்கு உரித்தீர்களா?" என்றாள்.

"உரித்தேன்."

"அதிலும் கொஞ்சம் உண்டு. உருளைக்கிழங்குக்கு இந்த அலுவலகத்தில் படிவம் இல்லை. 'இல்லை' என்று எழுதுங்கள்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் போன ஆடியில் நடந்ததெல்லாம் அதற்குள் கிளம்பி வந்துவிட்டது. ஊரில் அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். நடந்தபடி ஒருதரம் எழுதி வைக்கிறேன்.

2

நான் இங்கே முதலில் சேர்ந்தது கம்பி கட்டும் வேலைக்கு. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போகும் பாதையைக் காட்டுகிற பெரிய பெட்டிகளை எங்கள் கூடத்தில் செய்கிறார்கள். உள்ளே வாயுவை நிரப்பி, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை வரிசை வரிசையாக இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு துகள் வாயுவுக்குள் பாய்ந்து போனால் வழியில் கொஞ்சம் மின்சாரம் சிதறும்; அது பக்கத்துக் கம்பியில் வந்து விழும். எந்தெந்தக் கம்பியில் விழுந்தது என்று பார்த்தால் துகள் போன தடம் கிடைத்துவிடும். பாளையங்கோட்டையில் படித்த பௌதிகப் பட்டத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. விரல் நடுங்குகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

முதல் மாதம் சாமான் அறைக்குப் போய், "இருப்பதிலேயே மெல்லிய ஆலோசனை ஒரு சுருள் வேண்டும்" என்று கேட்டிருக்கிறேன். ஜெர்மன் மொழியில் கம்பிக்கும் ஆலோசனைக்கும் உச்சரிப்பில் ஒரேயொரு ஒலிதான் வித்தியாசம். அந்த ஆள் சிரிக்காமல், "அது மேனேஜரிடம் கிடைக்கும்" என்றார்.

ஐந்து வருடத்தில் சாலிடரிங் கோலும் கைக்கு வந்தது. பிறகு கம்பியின் சேதியைப் பெரிதாக்கி எண்ணுகிற மின்னணு அட்டைகள் செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் எனக்கும் பிரிவுத் தலைவர் வெபருக்கும் வழக்கு ஆரம்பித்தது.

வழக்கு இதுதான். பெட்டிக்கு மேலேயும் கீழேயும் தனியாக இரண்டு பலகைகளை வைப்பது இங்கே வழக்கம். துகள் பாயும்போது அந்தப் பலகைகள் மினுங்கி, 'இப்போது ஒன்று வந்தது, பார்' என்று கூப்பிடும். கூப்பிட்ட அந்த நொடியில் கம்பிகள் வைத்திருப்பதை மட்டும் பதிவு செய்துகொள்வார்கள். கூப்பிடாத நேரத்தில் கம்பி என்ன சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. நான் செய்த அட்டைக்குப் பலகை கிடையாது. கம்பியில் ஒரு துடிப்பு வந்தால், வெளியிலிருந்து யாரும் கூப்பிடாமலே, அட்டை தானாக விழித்து அதைப் பதிவு செய்யும்.

சொல்ல எளிது. எவ்வளவு பெரிய துடிப்பை உள்ளே விடுவது என்று ஒரு வாசற்படி உண்டு; சின்னத் துடிப்பையும் விடக்கூடாது என்று அதைத் தாழ்த்தி வைத்தால் வெறும் இரைச்சலெல்லாம் உள்ளே வந்துவிடும். பக்கத்து அறையில் வெல்டிங் வைத்தால் எண்ணும். கிரேன் நகர்ந்தால் எண்ணும். படியை உயர்த்தினால் உண்மையான துகளும் வெளியே நின்றுபோகும்.

"கேட்காமல் பேசுகிறவன் பாதி நேரம் உளறுவான்" என்று வெபர் சொன்னார். "உன் அட்டை எண்ணுவது துகளா இரைச்சலா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"இயந்திரமே இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வானத்திலிருந்து வரும் துகள் எங்கேயும் கொஞ்சம் விழும்."

"அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?"

அந்தக் கோடையில் ஆறு வாரம் ஊருக்குப் போவதாக இருந்தேன். அதைச் சொன்னதும் யோசித்தார். பிறகு, அட்டையோடு சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்திக் கொண்டுபோய் எண்ணி வா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊரிலும் எண்ணிக்கை ஒழுங்காக வந்தால் அட்டைக்கு அடுத்த வருடமும் வேலை உண்டு. தாறுமாறாக வந்தால் நான் திரும்பவும் கம்பி கட்டப் போக வேண்டியதுதான்.

கைவிரல் நீளத்தில் ஓர் அலுமினியக் குழாய். நடுவில் ஒற்றைக் கம்பி. உள்ளே வாயுவை நிரப்பிப் பசை வைத்து அடைத்தேன். எப்படி அடைத்தாலும் ஒன்றரை மாதத்தில் வாயு கசிந்துவிடும். டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. அதற்குள் அட்டை, பேட்டரி, எண் காட்டும் சக்கரம். ஒவ்வொரு துகளுக்கும் சக்கரம் 'டக்' என்று ஒன்று நகரும்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"துகள் எண்ணுகிற கருவி சார்."

"என்ன தூள்?"

"தூள் இல்லை சார். துகள். வானத்திலிருந்து வருவது."

என் முகத்தையும் பக்கத்தில் நின்ற மகளையும் பார்த்தார். பாஸ்போர்ட்டில் 'ரேடியோ ஒன்று, திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்' என்று எழுதி முத்திரை குத்தினார். வானத்திலிருந்து வருவது என்றால் அவர் கணக்கில் ரேடியோதான்.

3

மகள் பெயர் ரூத். அப்போது பத்து வயது. இங்கேயே பிறந்தவள். வீட்டில் நானும் அவள் அப்பாவும் தமிழில் பேசுவோம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். புரியாமல் இல்லை. வாயில் வராது. ஊருக்குப் போகும் விமானத்தில், "அங்கே நான் தமிழ் பேசுவேன், நீ திருத்தக் கூடாது" என்று நிபந்தனை போட்டாள். சரி என்று கை கொடுத்தேன்.

அக்கா கிரேஸ் வீட்டில் இறங்கினோம். அக்கா ஒரு தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், பெண்களுக்கு மேற்பார்வை. மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற நாற்பது பெண்கள் அவள் பொறுப்பில். ஆடிக் காற்று கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுப் பானை வரைக்கும் போட்டது. முதல் மூன்று நாளும் பெட்டியை வீட்டு அலமாரிக்குள் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறு. ஒரு நிமிடம் இருபத்தொன்று வரும், ஒரு நிமிடம் முப்பது வரும். துகள் மணி பார்த்து வருவதில்லை. ஆனால் பத்து நிமிடம் எண்ணிப் பங்கிட்டால் இருபத்தாறுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டை உளறவில்லை!

நாலாம் நாள் மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ரூத்தும் நானும் ஆபீஸுக்குப் போனோம். வெட்டவெளியில் எப்படி எண்ணுகிறது என்று பார்க்கலாமே என்று பெட்டியையும் தூக்கிக்கொண்டேன். வாசலில் வாகை மரத்தடியில் ஒரு வண்டி நின்றது. வண்டி நிறைய இரும்பு டிரம்கள். குளோரேட் வந்து இறங்க வேண்டியது. நான் பெட்டியை வண்டியின் ஓரத்தில் வைக்கப் போனேன்.

"இருங்க, இருங்க" என்று சுப்பையா அண்ணாச்சி ஓடி வந்தார். மருந்து கலக்குகிற இடத்துக்கு அவர்தான் தலைமை. "அதுக்குள்ள கரண்டு இருக்கா?"

"பேட்டரிதான் அண்ணாச்சி. ஆனா கம்பிக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் போகுது."

"பொறி வருமா?"

"மூடித்தான் இருக்கு. வராது."

"வராதுன்னுதான் எல்லாப் பொறியும் சொல்லுது. காம்பவுண்டுக்குள்ள ஆகவே ஆகாது. இங்கனயே ஒரு முழம் தள்ளி வச்சுக்கிடுங்க."

அவர் சொன்னது நியாயம். ஒரு முழம் தள்ளி ஒரு கல்லில் வைத்தேன். ரூத் கையில் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரம், பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி மதிற்சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதத் தயாரானார்.

"வீட்டுல எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

"இருபத்தாறு."

26 என்று எழுதினார். அதற்குள் முதலாளி கூப்பிடுகிறார் என்று உள்ளேயிருந்து ஆள் வந்தது. அவர் தங்கை மகனுக்கு ஜெர்மனியில் படிக்க ஆசையாம். எந்த ஆபீஸில் என்ன தாள் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இந்த நாட்டுப் படிவங்களைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவது தெரியாது. ஒரு கலர் சோடா குடித்து முடித்து வெளியே வந்தேன்.

சுவரில் 26க்குக் கீழே 730 என்று எழுதியிருந்தது.

பெண்கள் எல்லோரும் வண்டியைவிட்டுப் பத்தடி தள்ளி நின்றார்கள். அண்ணாச்சி சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"வீட்டுல இருபத்தாறு. நம்ம டிரம்முகிட்ட எழுநூத்தி முப்பது. இது என்னம்மா கணக்கு?"

எனக்கு ஒன்றுதான் தோன்றியது: அட்டை உளறிவிட்டது. எங்கேயோ மில்லில் ஒரு மோட்டார் ஓடியிருக்கும், காற்றில் குழாய் ஆடியிருக்கும். வெபரின் முகம் கண்முன் வந்தது. பெட்டியை அணைத்தேன். "மிஷின்ல ஏதோ கோளாறு அண்ணாச்சி" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு ரூத்தைக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன். ஒரு நிமிடம் நின்று திரும்ப எண்ணியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் இன்னொரு தடவை தப்பாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

4

மறுநாள் காலையில் நாற்பது பேருக்குப் பதினேழு பேர்தான் வேலைக்கு வந்தார்கள்.

அக்கா ஒன்பது மணிக்கே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி எஸ்தர், என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? மருந்துல விஷக் கதிர் இருக்காம், ஜெர்மனி மிஷினே சொல்லிட்டாம். ஊர் பூரா அதான் பேச்சு. பேச்சியை அவ மாமியா ராத்திரியோட ராத்திரியா நாகலாபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ."

"யாரு பேச்சி?"

"என்கிட்ட குச்சி அடுக்குதவ. ஏழு மாசம். பிள்ளைக்கு ஆகாதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாவ. முதலாளி என்னைக் கூப்பிட்டு, உன் தங்கச்சியாலதான் இவ்வளவும், ரெண்டு நாளையில ஆளு வரலைன்னா நீயும் வராண்டாம்னு சொல்லிட்டாரு."

அக்காவுக்கு அந்த வேலை பதினான்கு வருட வேலை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு புறப்பட்டேன். ரூத்தும் பின்னாலேயே வந்தாள்.

வண்டி போயிருந்தது. டிரம்கள் வேலியோரக் கொட்டகையில் இருந்தன. அண்ணாச்சியிடம் கெஞ்சி, கொட்டகைக்கு வெளியே அதே ஒரு முழம் தள்ளி வைத்து எண்ணினேன். இந்தத் தடவை நானே கடிகாரத்தைப் பிடித்தேன். முப்பத்தைந்து. அடுத்த நிமிடம் முப்பத்தொன்பது. பத்து நிமிடம் எண்ணிப் பங்கிட்டால் முப்பத்தேழு.

பெட்டியை வாசலுக்கு அப்பால் தூரமாகக் கொண்டுபோனேன். இருபத்தாறு. திரும்பக் கொண்டுவந்தேன். முப்பத்தெட்டு.

இது எனக்கு இரண்டு புதிராகிவிட்டது. எழுநூற்று முப்பது எங்கே போயிற்று? அது கிடக்கட்டும், இந்தப் பதினொன்று எங்கேயிருந்து கூடுதலாக வருகிறது? இரைச்சலாக இருந்தால் பெட்டியை நகர்த்தியதும் இத்தனை ஒழுங்காகக் குறையாது. டிரம்முக்குப் பக்கத்தில் மட்டும் கூடுகிறது. அண்ணாச்சியிடம், "இது என்ன குளோரேட்?" என்று கேட்டேன்.

"பொட்டாஷ் குளோரேட்டு."

பொட்டாஷ். பாளையங்கோட்டையில் படித்த ஒரு வரி எங்கேயோ கிடந்து எழுந்து வந்தது. உலகத்திலுள்ள பொட்டாசியம் எல்லாவற்றிலும் கொஞ்சத்திலும் கொஞ்சம் கதிர் விடுகிற ஜாதி. பூமி உண்டானது முதல் இருக்கிறது. மண்ணில், காயில், நம் உடம்பில், எல்லாவற்றிலும். டிரம் டிரம்மாகக் குவித்து வைத்தால் என் குழாய்க்குத் தெரியாமல் போகுமா? ஆய்வுக்கூடத்தில் என்றால் பலகை கூப்பிட்டால்தானே பார்ப்போம். இதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டோம். நான் தேடாததை என் அட்டை தானாகவே பார்த்து எண்ணியிருக்கிறது. அக்கா அழுதுகொண்டு நிற்கிறாள், எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

மிச்சம் எழுநூற்று முப்பது. ரூத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து ஜெர்மனிலேயே கேட்டேன்.

"நேற்று சக்கரத்தில் எவ்வளவு இருந்தது?"

"முப்பத்தேழு." ஜெர்மனில் சட்டென்று சொன்னாள்.

"அதைச் சுப்பையா மாமாவிடம் எப்படிச் சொன்னாய்?"

"தமிழில்தான் சொன்னேன்" என்றாள், கொஞ்சம் பெருமையாக. "ஏழு முப்பது."

ஜெர்மன்காரர்கள் முப்பத்தேழு என்று சொல்வதில்லை. ஏழும் முப்பதும் என்றுதான் சொல்வார்கள்; சின்ன எண் முன்னால், பெரிய எண் பின்னால். பிள்ளை அதை அப்படியே தமிழாக்கியிருக்கிறாள். 'ஏழு முப்பது' என்று கேட்ட எந்த மனுஷனும் எழுநூற்று முப்பது என்றுதான் எழுதுவான்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் சுவரைப் பார்த்தாள், வராத பெண்களின் காலி மணைகளைப் பார்த்தாள், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அன்று முழுக்க ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை.

5

முதலாளி ஒரு வழி சொன்னார். "மிஷின் ரிப்பேர்னு சொல்லிருங்க. பிள்ளையையும் இழுக்காண்டாம், முப்பத்தேழையும் இழுக்காண்டாம்."

அக்காவும், "அப்படியே சொல்லிரு எஸ்தர்" என்றாள்.

அப்படிச் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நேற்றும் நான் அதைத்தானே சொன்னேன்? அதனால்தானே இவ்வளவும் வந்தது? முப்பத்தேழை மறைத்தால் நாளைக்கு வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது ஊர் எழுநூற்று முப்பதைத்தான் நம்பும். "எல்லாத்தையும் சொல்லுதேன். வேற வழி தெரியல" என்றேன்.

வராத பெண்களையும் அக்கா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். மறுநாள் மத்தியானம் மரத்தடியில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரூத் எழுந்து நின்றாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

"நான் தப்பா சொன்னேன்" என்றாள். "எழுநூறு இல்லை. மு... முப்பத்தி ஏழு. எங்க ஊர்ல ஏழு முதல்ல வரும்."

முன்வரிசையில் இருந்த சொர்ணம் என்ற பெண் கேட்டாள்: "உங்க ஊர்ல அப்படின்னா நாப்பத்தி ரெண்டை எப்படிச் சொல்லுவீய?"

"ரெண்டு நாப்பது."

"நாசமாப் போச்சு! அங்கன கடைக்குப் போய் எப்படிச் சாமான் வாங்குதாவ?"

கூட்டம் சிரித்தது. கேலியாக இல்லை. ரூத்தும் சிரித்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம் குச்சி அடுக்கும் இடத்தில் எல்லாரும் ஏழு முப்பது, எட்டு முப்பது என்றுதான் எண்ணினார்களாம்.

அப்புறம் நான் மிச்சத்தைச் சொன்னேன். கதிர் இருக்கிறது, கொஞ்சம்தான், பொட்டாஷ் இருக்கிற எல்லாவற்றிலும் இருக்கிறது என்றேன். யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை.

"அப்ப வயல்ல போடுத பொட்டாஷ்லயும் இருக்குமோ?" என்றாள் சொர்ணம்.

"இருக்கணும். வச்சுப் பாத்துருவோமா?"

அதற்கப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. உரக்கடையிலிருந்து ஒரு மூட்டையை அண்ணாச்சி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். குழாயை மூட்டையின் மேலேயே வைத்தோம். சக்கரம் விடாமல் தட்டியது. "ஆத்தாடி, நம்ம மருந்தைவிடக் கூட!" என்று ஒரு சத்தம். ஒருத்தி உப்பு கொண்டுவந்தாள், ஒன்றும் கூடவில்லை. ஒருத்தி அடுப்புச் சாம்பல் கொண்டுவந்தாள். கூடிய மாதிரியும் இருந்தது, கூடாத மாதிரியும் இருந்தது. தெரியவில்லை என்றே சொன்னேன். கரிசல் மண், கடலைமிட்டாய், முதலாளியின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். ரூத் எண்ணைப் படித்தாள்; ஒவ்வொரு தடவையும் சொர்ணம் அவளை நிறுத்தி, "முன்னால எது, பின்னால எது?" என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் முப்பத்தொன்பது பேர் வேலைக்கு வந்தார்கள். அக்காவின் வேலை தப்பியது.

திரும்பி வந்ததும் வெபரிடம் எண்ணிக்கைகளை எழுதிய நோட்டைக் கொடுத்தேன். 730ஐ அடிக்காமல் அப்படியே வைத்திருந்தேன், பக்கத்தில் காரணம் எழுதி. படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, மருந்துக்கடையிலிருந்து பொட்டாசிய உப்பு ஒரு டப்பா வாங்கி வரச்சொல்லி, தன் கையாலேயே குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரிய பெட்டிக்குப் பழையபடி பலகைகள்தான் என்று முடிவாயிற்று. அதில் அவர் மாறவில்லை. அதற்கு வெளியே சுற்றி வைக்கிற குழாய்களுக்கு மட்டும் என் அட்டை போகிறது. இப்போது ஒவ்வொரு அட்டையையும் அந்த உப்பு டப்பாவை வைத்துத்தான் சோதிக்கிறோம். முன்பெல்லாம் சோதனைக்குக் கதிர்ப்பொருள் வாங்க நாலு படிவம் கொடுக்க வேண்டும்.

ரூத்தின் தமிழ் ஊரிலிருந்து வந்த இரண்டு மாதம் வரைக்கும் இருந்தது. பிறகு பள்ளிக்கூடம், சிநேகிதிகள் என்று ஆகிவிட்டது; கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் ஜெர்மனிலேயே பதில் வருகிறது. நான் வற்புறுத்துவதில்லை. சரி செய்கிறேனோ தப்புச் செய்கிறேனோ, தெரியவில்லை.

6

வேலைக்கு வந்தது முப்பத்தொன்பது பேர் என்றேன். வராத ஒருத்தி பேச்சி.

ஊரைவிட்டுப் புறப்பட நாலு நாள் இருக்கும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் வழியாக நாகலாபுரம் போனேன். என்னால் பயந்துபோனவள், நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பஸ் ஜன்னல் வழியாக உழுது போட்ட கரிசல் கண்ணுக்கெட்டிய தூரம் மழைக்காகக் கிடந்தது.

பேச்சிக்கு இருபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். மாமியார் உள்ளே இருந்தார். தண்ணீர் தருகிற சாக்கில் பேச்சி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

"நீங்க எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும்க்கா. சொர்ணம் சொல்லி அனுப்பிட்டா. கணக்குத் தப்பு, கதிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதான?"

"கதிர் இருக்கு. ஆனா பயப்படுத அளவுக்கு இல்ல."

"அதை அத்தைகிட்ட சொல்லிராதீய." சட்டென்று என் கையைப் பிடித்தாள். "எனக்கு நாலாம் மாசத்துலயிருந்தே முடியல. நாள் பூரா குனிஞ்சு உக்காந்து இடுப்பு ஒடியுது. மருந்து வாடைக்குக் குமட்டுது. நின்னுக்கிடுதேன்னு சொன்னா, 'நாங்கெல்லாம் பெறலையா'ம்பாவ. உங்க பொட்டிதான் எனக்கு லீவு வாங்கிக் குடுத்துது. அதைப் பிடுங்கிராதீயக்கா."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அத்தனை பேர் முன்னால் முழு உண்மையைச் சொன்னேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இங்கே ஒருத்தி அதைச் சொல்லாதே என்கிறாள். அவள் பக்கத்திலும் ஓர் உண்மை இருக்கிறது.

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய். சுற்றி வளைக்கவில்லை.

"ஏம்மா, மிஷின்காரப் பிள்ள நீதான? அந்த மருந்துல கதிர் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

பேச்சி தரையைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றேன். "வயல்ல போடுத பொட்டாஷ்லயும் அதேதான் இருக்கு. அதனால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப வேலைக்குப் போகலாம்."

"போகக் கூடாது."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டு மாசப் பிள்ளைத்தாச்சி நாள் பூரா மடங்கி உக்காரக் கூடாது. அந்த மருந்து வாடையும் ஆகாது. அதைச் சொல்லுததுக்கு மிஷின் எதுக்கு? அவ முகத்தைப் பாருங்க."

நான் யார் அவர்கள் வீட்டில் நியாயம் சொல்ல? சொன்ன பிறகுதான் அது உறைத்தது. அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, எனக்கு ஏதோ தெரியாததைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்:

"அதைத்தான நான் முதல்லயிருந்தே சொல்லுதேன்? அதான இங்கன கூட்டிட்டு வந்தேன்? பிள்ள பெறுத வரைக்கும் இவ எங்கயும் போகமாட்டா."

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

காப்பி வந்தது. குடிக்கும்போது பேச்சி பெட்டியைப் பார்த்தபடியே இருந்தாள். "அது சத்தம் போடுமாமே, கேக்கலாமா?" என்றாள். திறந்து போட்டேன். டக். கொஞ்சம் கழித்து டக். குழாயில் வாயு கசிய ஆரம்பித்திருந்தது. நிமிடத்துக்கு இருபத்தாறு போய்ப் பதினைந்துக்குள் வந்துவிட்டது.

"இங்கனதான் டிரம்மு இல்லையே. இப்ப எதை எண்ணுது?" என்றார் மாமியார்.

"வானத்துல இருந்து வாரது சிலது. மண்ணுல இருந்து வாரது சிலது."

"இப்ப ஒண்ணு அடிச்சுதே, அது எங்கயிருந்து வந்துது?" என்று பேச்சி கேட்டாள்.

"அது மட்டும் தெரியாது. வந்துச்சுன்னுதான் தெரியும்."

"என்ன வருது, எப்ப வருதுன்னு தெரியாமயா எண்ணிக்கிட்டு இருக்கிய?"

"ஆமா."

பேச்சி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நானும் அப்படித்தான்க்கா உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அடுத்த சத்தம் வர நேரமாயிற்று. மாமியார் வெற்றிலையை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார். மூன்று பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.